உவமைக்கு அடங்காத பூச்சி

ரொறன்ரோவில் தமிழில் கவிதை எழுதுகிறவர்களில் பாதிப் பேராவது ஒருமுறையேனும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியிடம் போயிருப்பார்கள். செம்மஞ்சள் சிறகு, கறுப்பு நரம்புகள், கடவுச்சீட்டுக் கேட்காத எல்லைகள், கடைசி வரியில் தாய்மண். புத்தக வெளியீட்டு மேடையில் அந்தக் கடைசி வரிக்குக் கைதட்டு நிச்சயம். அகதியாக வந்து இறங்கிய மனிதருக்கு இந்தப் பூச்சி நெஞ்சில் ஒட்டிக்கொள்வது இயல்புதான். நானும் அப்படி வந்தவன். ஆனால் பல கோடைகளாக இவற்றின் பின்னால் அலைந்த பிறகு அந்தக் கவிதைகளை என்னால் பொறுமையாக உட்கார்ந்து கேட்க முடிவதில்லை. அவற்றில் பூச்சியைத் தேடிப் பார்க்கிறேன், அகப்படுவது நாங்கள்தான்.

முதலில் பிறப்பு இறப்புக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து மெக்சிக்கோவுக்குப் போகிற மொனார்க் திரும்பி வருவதே இல்லை. ஓகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஒன்ராறியோவில் கூட்டை உடைத்து வெளிவரும் பூச்சி, தான் ஒருநாளும் கண்டிராத மலைக்காட்டை நோக்கித் தெற்கே பறக்கிறது. மூவாயிரம் கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வழி. நவம்பர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்து, குளிர்காலம் முழுவதும் மரத்தில் தொங்கிக் கிடக்கும். மார்ச் மாதமளவில் இணைசேர்ந்து வடக்கே கிளம்பி, டெக்சாஸ் பக்கம் முட்டையிட்டுவிட்டு இறந்துபோகும். அந்த முட்டைகளில் பிறந்தவைதான் மே கடைசியிலும் ஜூனிலும் எங்கள் ஏரிக்கரைக்கு வருகின்றன. அவற்றுக்குப் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் என்று கோடை ஓடுகிறது. இந்த இடைத் தலைமுறைகளுக்கு வளர்ந்த பின் ஆயுள் இரண்டு முதல் ஆறு வாரம். செப்டம்பரில் புறப்படுவது, போன செப்டம்பரில் புறப்பட்டதன் பேரப்பிள்ளையாகவோ பூட்டப்பிள்ளையாகவோ இருக்கும். ஏங்குவதற்கு அதனிடம் ஓர் ஊரின் நினைவே கிடையாது.

அந்தக் கடைசித் தலைமுறைதான் என்னை வியக்கவைப்பது. இனம் அதே இனம், தின்ற இலையும் அதே இலை. பகல் சுருங்குவதும் இரவு குளிர்வதும் இலைகள் முற்றிப் பழுப்பதும் சேர்ந்து அதன் உடலுக்குள் ஏதோ ஒரு விசையை மாற்றிவிடுகின்றன. இனப்பெருக்க உறுப்புகள் முதிராமல் நின்றுவிடுகின்றன. சில வாரங்களில் செத்துப்போக வேண்டிய உடல் எட்டு மாதம் வரை உயிரோடிருக்கிறது. எடை அரைக் கிராம். வழியில் பூந்தேனைக் குடித்துக் கொழுப்பாகச் சேமித்துக்கொண்டு, சூடான காற்று மேலெழும் இடங்களில் சிறகை விரித்தபடி சுற்றிச் சுற்றி உயர்ந்து, பிறகு சறுக்கிக்கொண்டு போகிறது. சிறகடித்தே அவ்வளவு தூரம் போவதென்றால் அந்தக் கொழுப்பு எந்த மூலைக்குக் காணும்?

திசை எப்படித் தெரிகிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்திருக்கிறது. சூரியனைப் பார்த்துத்தான் பறக்கின்றன. ஆனால் சூரியன் பகல் முழுவதும் நகர்ந்துகொண்டிருப்பதால் நேரமும் தெரிந்தாக வேண்டும். அந்தக் கடிகாரம் தலைக்குள் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2009ஆம் ஆண்டு ஸ்டீவன் ரெப்பர்ட்டின் ஆய்வுக்குழு, அது உணர்கொம்புகளில் இருப்பதைக் காட்டியது. கொம்புகளுக்குக் கறுப்புச் சாயம் பூசி வெளிச்சத்தை மறைத்தால் பூச்சிகள் பிழையான ஒரு திசையில் பிடிவாதமாகப் பறந்தன. நிறமில்லாத சாயம் பூசியவை வழக்கம்போலத் தெற்கே போயின. மேகம் மூடிய நாளுக்குப் பூமியின் காந்தப்புலமும் கைகொடுக்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும், ஒரு சில மலைச்சரிவுகளைத் தேடிக் கண்டுபிடித்து இறங்குவது எப்படி என்பது யாருக்கும் பிடிபடவில்லை.

நான் இவற்றைப் பார்க்கப் போகும் இடம் அப்படியொன்றும் அழகானதல்ல. ஸ்காபரோவின் குறுக்கே உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு நீண்ட வெளி இருக்கிறது. முன்பெல்லாம் மாதந்தோறும் புல் வெட்டும் இயந்திரம் ஓடிய வெறும் தரை. இப்போது மெடோவே என்ற பெயரில், டொன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் பூங்கா வரை 16 கிலோமீற்றருக்கு அதைப் புல்வெளியாக மாற்றி வருகிறார்கள். ஜூலையில் அங்கே, ஆங்கிலத்தில் milkweed எனப்படும் பால்களைச் செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கும். மொனார்க் புழு தின்பது இந்தச் செடிக் குடும்பத்தை மட்டுமே. வேறு எந்த இலையை வைத்தாலும் பட்டினி கிடந்து சாகும்.

இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில், குண்டூசித் தலையளவில், நீள்வாட்டில் வரிகள் ஓடும் வெண்முட்டை. பெரும்பாலும் ஓர் இலைக்கு ஒன்றுதான். மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழு முதலில் தன் முட்டையோட்டைத் தின்கிறது. பிறகு இலையில் வளைவாக ஒரு கடி கடித்து, அங்கே வடியும் பாலை வடியவிட்டு, வறண்ட நடுப்பகுதியைத் தின்கிறது. அந்தப் பால் பிசின்போல ஒட்டும். பிஞ்சுப் புழுக்கள் அதிலேயே சிக்கிச் செத்துப்போவதும் உண்டு. பெரிய புழுவுக்கு இன்னும் கெட்டிக்காரத்தனம். இலையின் நடு நரம்பையே காம்பருகில் கடித்துவிடும். இலை தொங்கிப்போகும், பால் வருவது நின்றுவிடும், பிறகு ஆறுதலாகச் சாப்பாடு. மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரிகளோடு இரண்டே வாரத்தில் சின்ன விரல் மொத்தத்துக்கு வந்துவிடும். இடையில் நான்கு முறை தோலுரிக்கும். ஐந்தாவது உரிப்பில் உள்ளிருந்து வெளிவருவது பச்சை நிறக் கூட்டுப்புழு. அதன் மேல்விளிம்பில் பொன்புள்ளிகள் ஓடும். அந்தப் பொன்புள்ளிகள் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அழகுக்கு என்று ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்; நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

எங்கள் தெருவில் வடமராட்சியிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். ஒருநாள் நடைக்கு வந்தவர் பால்களை இலையை ஒடித்து, வடிந்த பாலைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது எங்களுடைய எருக்கலையின் சாதியல்லவா? கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். தாவரவியல் படிக்காதவர். மிகச் சரியாகச் சொல்லிவிட்டார். எருக்கலையும் பால்களையும் ஒரே குடும்பம். எருக்கலையில் வளரும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி மொனார்க்கின் நெருங்கிய உறவு, பேரினமே ஒன்று. கடல் கடந்து ஹவாய்த் தீவுகளுக்குப் போய்க் குடியேறிவிட்ட மொனார்க்குகள், அங்கே மாலை கட்ட வளர்க்கும் எருக்கலையைத் தின்றே வாழ்கின்றன. குளிர் இல்லாத இடமாகையால் அவை வலசை போவதில்லை.

அக்கா எச்சரித்தது சும்மா அல்ல. அந்தப் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. புழு அதைத் தன் உடலில் சேர்த்துவைத்துச் சிறகு முளைத்த பின்னும் சுமந்து திரிகிறது. 1960களில் லிங்கன் புரோவர் என்ற அமெரிக்க உயிரியலாளர், மொனார்க்கையே கண்டறியாத, புளூ ஜே எனப்படும் நீலக் குருவி ஒன்றுக்கு அதைத் தின்னக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் குருவி வாந்தியெடுத்தது. பிறகு செம்மஞ்சள் நிறத்தைக் கண்டாலே ஒதுங்கியது. அந்த வாந்திப் படம் பாடநூல்களில் ஏறிவிட்டது. ஆனால் மெக்சிக்கோவில் கருந்தலைக் குருவியொன்றும் கருமுதுகு மாங்குயிலொன்றும் இந்த நஞ்சைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் மொனார்க்குகளை ஆயிரக்கணக்கில் கொன்று தின்கின்றன. எந்தப் பாதுகாப்பும் முழுப் பாதுகாப்பாக இருப்பதில்லை.

இந்தச் செடி 2014 வரை ஒன்ராறியோச் சட்டத்தில் அழிக்கப்பட வேண்டிய களைகளின் பட்டியலில் இருந்தது. அமெரிக்க மத்திய மேற்கில் நடந்தது இன்னும் மோசம். களைக்கொல்லி தெளித்தாலும் பட்டுப்போகாத சோயாவும் சோளமும் 1996 முதல் பரவின. வரிசைகளுக்கு இடையே பிழைத்திருந்த பால்களை அந்த வயல்களிலிருந்து அநேகமாகத் துடைக்கப்பட்டுவிட்டது. இப்போது தெருவோரமும் ரயில் பாதையோரமும் மின்கோபுர அடியும்தான் மிச்சம்.

இனி எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கதை. ஸ்காபரோவில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறதல்லவா, தமிழ் இருக்கைக்கு நாங்களெல்லாம் பணம் சேர்த்துக் கொடுத்த அதே வளாகம், அங்கே விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் பிரெட் ஏர்குவார்ட். இலையுதிர் காலத்தில் மொனார்க்குகள் எங்கே போய் மறைகின்றன என்பது அவருக்குச் சிறுவயது முதலே இருந்த கேள்வி. 1930களின் கடைசியில், சிறகில் அடையாளம் இடும் வழியைத் தேடத் தொடங்கினார். முதலில் தபால் முத்திரைபோலப் பசை தடவிய சீட்டுகள். மழை பெய்ததும் கழன்று விழுந்தன. பிறகு கடைகளில் விலை ஒட்டும் சீட்டின் பசை கைகொடுத்தது. அதில் பொடி எழுத்தில் ஓர் எண், ‘விலங்கியல், ரொறன்ரோப் பல்கலைக்கழகம், கனடா என்ற முகவரிக்கு அனுப்புக’ என்ற வேண்டுகோள். அவ்வளவுதான்.

மனைவி நோரா 1952இல் ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதித் தொண்டர்களை அழைத்தார். முதலில் கைகொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். போகப் போக ஆசிரியர்கள், மாணவர்கள், ஓய்வூதியக்காரர்கள் என்று அது ஆயிரக்கணக்கில் பெருகியது. இறந்த பூச்சிகள் தபால் உறையில் வந்து சேர்ந்தன. வரைபடத்தில் கோடுகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக டெக்சாஸ் வரை போய் நின்றன. அதற்கு அப்பால் என்ன? நோரா மெக்சிக்கோப் பத்திரிகைகளுக்கு எழுதினார். 1973இல் மெக்சிக்கோ நகரிலிருந்து கென் புரூகர் என்ற அமெரிக்கர் பதில் போட்டார், தான் தேடித் தருவதாக. அவரும் மிச்சோவாக்கான் மாநிலத்தில் பிறந்த கத்தலினா அகுவாதோவும் மலைமலையாக அலைந்தார்கள். 1975 ஜனவரியில் கண்டுபிடித்தார்கள். ஒரு மலைச்சரிவில் மரங்களே தெரியாதபடி கோடிக்கணக்கில் மொனார்க்குகள். புரூகருக்கு நிறக்குருடு என்பார்கள். அந்தச் செம்மஞ்சளை அவர் எப்படித்தான் பார்த்தாரோ.

அடுத்த வருடம் ஏர்குவார்ட் தம்பதியர் தாங்களே மலையேறினார்கள். பிரெட்டுக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மூவாயிரம் மீற்றர் உயரத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. சிதறியவற்றுக்குள் வெள்ளைச் சீட்டு ஒட்டிய ஒன்று கிடந்தது. முந்திய ஓகஸ்டில் மினசோட்டா மாநிலத்தின் சாஸ்காவில் தொண்டர்கள் ஒட்டிய சீட்டு. ஒரு கதையாசிரியர் இதை எழுதியிருந்தால் நம்பத்தகாதது என்று ஆசிரியர் குழு திருப்பி அனுப்பியிருக்கும்.

1976 ஓகஸ்ட் நேஷனல் ஜியோகிராபிக் அட்டையில், உடலெங்கும் வண்ணத்துப்பூச்சிகளுடன் கத்தலினாவின் படம் வந்தது. உலகம் அதைக் கண்டுபிடிப்பு என்றது. அங்கே வாழும் மசாவா, ஒத்தோமி மக்களுக்கும் கிராமத்தவருக்கும் அந்த மரங்கள் எப்போதும் தெரிந்தவைதான். இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் முதல் நாட்களில் அவை வந்திறங்குவதையும் கண்டிருந்தார்கள். அவை கனடாவிலிருந்து வருகின்றன என்பதுதான் அவர்களுக்குப் புதுச் செய்தி. அந்த மலைகளின் அடிவாரத்தில் வளர்ந்த கவிஞர் ஓமேரோ அரிஜிஸ் முதலானோரின் நெருக்குதலால் 1986இல் அரசு அந்தக் காடுகளில் சிலவற்றைக் காப்பகமாக்கியது. 2000இல் அது 56,000 ஹெக்டேயருக்கு விரிந்தது. 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது.

நான் போனது ஒரு பெப்ரவரியில், எல் ரொசாரியோ என்ற சரிவுக்கு. அங்கங்கேயோ என்ற பழைய சுரங்க ஊரில் தங்கி, காலையில் மேலே போனோம். டிக்கெட் கொடுப்பதும் வழிகாட்டுவதும் குதிரை நடத்துவதும் ஊர்க்கூட்டுறவுக்காரர்கள். படியேற ஏற நெஞ்சு அடைத்தது. வழியில் இறந்த பூச்சிகள், பலவற்றுக்கு வயிறு மட்டும் இல்லை. மேலே சொன்ன குருவிகளின் வேலை. குளிரில் விறைத்துப் பாதையில் கிடந்த உயிருள்ளவற்றை எங்கள் வழிகாட்டி ஒரு குச்சியால் ஏந்தி ஓரத்தில் விட்டுக்கொண்டே வந்தார். முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒயாமெல் எனப்படும் ஊசியிலை மரங்களில் காய்ந்த இலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதாகத்தான் பட்டது. சிறகு மூடிய மொனார்க்கின் நிறம் மங்கலானது. பிறகு மேகம் விலகி வெயில் விழுந்தது. கொத்துகள் அவிழ்ந்தன. பேசாதிருக்கச் சொன்ன காரணம் அப்போதுதான் விளங்கியது: சிறகுகளின் சத்தம் காதால் கேட்க முடிகிற சத்தம்.

அந்த மரங்கள் ஏன் என்பதற்குப் புரோவர் சொன்ன விளக்கத்தைவிட நல்லதை நான் கேட்டதில்லை. காடு பூச்சிகளுக்குப் போர்வையும் குடையும் என்றார். அடர்ந்த கிளைக்கூரை இரவின் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது, மழையை மறிக்கிறது. நனைந்த பூச்சி, உலர்ந்த பூச்சி தாங்கும் குளிரைத் தாங்காது. 2002 ஜனவரியில் மழையும் உறைபனியும் அடுத்தடுத்து வந்தபோது கோடிக்கணக்கானவை தரையில் விழுந்து குவிந்தன. மரம் வெட்டிக் கூரையில் ஓட்டை விழுந்தால் ஒவ்வொரு குளிர்காலமும் அந்த ஆபத்துத்தான். ஆனால் வெட்டியவர்களைத் திட்டுவதும் எளிது. தலைமுறையாக விறகும் பலகையும் கொடுத்த காட்டில் கோடரி வைக்கக்கூடாது என்று தலைநகரம் அறிவித்தால் அந்த வீடுகளில் அடுப்பு எதனால் எரியும்? எல் ரொசாரியோவின் பொறுப்பாளராக இருந்த ஓமேரோ கோமெஸ் தானும் முன்பு மரம் வெட்டும் தொழிலில் இருந்து மாறியவர். 2020 ஜனவரியில் அவர் காணாமற்போனார். இரண்டு வாரங்களுக்குப் பிறகு உடல் ஒரு நீர்த்தொட்டியில் கிடைத்தது.

பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாதாகையால், குளிர்காலத்தில் அவை மூடியிருக்கும் காட்டின் பரப்பை அளக்கிறார்கள். 1996–97இல் 18 ஹெக்டேயர். 2013–14இல் 0.67. நடுவில் 2018–19இல் ஆறுக்கு ஏறியது, 2023–24இல் 0.9க்கு விழுந்தது, அடுத்த வருடம் 1.79. ஏறினால் தப்பிவிட்டது என்றும் இறங்கினால் முடிந்துவிட்டது என்றும் செய்தித்தாள்கள் மாறி மாறி எழுதும். இரண்டையும் நான் நம்புவதில்லை. கலிபோர்னியாக் கரையில் குளிர்காலம் கழிக்கும் மேற்குப் பிரிவை 2020இல் எண்ணியபோது இரண்டாயிரம்கூட இல்லை. மறுவருடம் ஏறத்தாழ இரண்டரை இலட்சம். ஒரு பெண்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும் இனத்தில் ஒரு நல்ல வசந்தம் எதையும் புரட்டிப்போடும். ஆனால் மேலே ஏறும்போது எட்டும் உச்சி காலப்போக்கில் தாழ்ந்துகொண்டே போகிறது. கனடா 2023 டிசம்பரில் இதை அருகிவரும் இனமாகச் சட்டத்தில் சேர்த்தது.

இதைக் கேட்டவுடன் எங்கள் ஆட்கள் செய்யும் முதல் காரியம், புழுக்களைப் போத்தலில் பிடித்துவந்து வீட்டில் வளர்ப்பது. பிள்ளைகள் ஒன்றிரண்டை வளர்த்துப் பார்ப்பதில் பிழையில்லை. அதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது. நூற்றுக்கணக்கில் வளர்ப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. நெருக்கமாக வைத்தால் ஒட்டுண்ணி பரவுகிறது. வீட்டுக்குள் வளர்ந்தவை தெற்குத் திசையைத் தவறவிடுவதாகச் சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வொன்று 2019இல் சொன்னது. விடுவித்தபின் பெரும்பாலானவை திசையைக் கண்டுகொள்வதாக எங்கள் குவெல்ப் பல்கலைக்கழகத்தார் 2021இல் சொன்னார்கள். சண்டை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முற்றத்தில் இந்த மண்ணுக்குரிய பால்களையை நட்டுவிட்டு, பக்கத்தில் ஊதா ஆஸ்டரும் பொற்கோல் பூவும் நின்றால் வெட்டாமல் விடுங்கள். புழுவுக்கு இலை வேண்டும்; புறப்படும் பூச்சிக்குத் தேன் வேண்டும்.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு: செப்டம்பரில் இரண்டு மூன்று நாள் தெற்குக் காற்று அடித்துப் புழுங்கிய பிறகு, குளிர்காற்று வந்து காற்று வடமேற்குக்குத் திரும்பும் நாள்தான் நாள். கிங்ஸ்ரன் வீதியில், ஏரிக்கரை மேட்டிலுள்ள ரொசெற்றா மக்கிளெய்ன் தோட்டத்துக்குப் போங்கள். வெயில் ஏறும்வரை அவை அசையாது. காலை ஒன்பதரைக்குப் பின் போனால் போதும். வல்லூறுகளை எண்ணுகிறவர்கள் தொலைநோக்கியுடன் அங்கே நிற்பார்கள். கேட்டால் மொனார்க் எந்த உயரத்தில் போகிறது என்று காட்டித் தருவார்கள். ஏரியின் மேல் நேராகப் போகாமல் கரையை ஒட்டி மேற்கே திரும்பும். இன்னும் தூரம் போக முடிந்தால் ஈரி ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பொயின்ற் பீலி முனை இருக்கிறது. தண்ணீரைக் கடக்கக் காற்று சாதகமாகும்வரை மாலையில் அங்கே மரங்களில் கூட்டமாக அடையும். பின்சிறகின் நரம்பொன்றில் கரும்புள்ளி இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். தொப்பி மறக்க வேண்டாம். கார் நிறுத்துமிடம் சனிக்கிழமைகளில் பத்து மணிக்கே நிரம்பிவிடுகிறது.